நட்சத்திரத் துடிப்பைப் படிக்க இரண்டு எண் போதுமா, முழுக்கணக்கு வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவப் பிள்ளைகளிடம் அதிரும் நட்சத்திரங்களை, அதாவது உள்ளே ஓடும் அலைகளால் வெளிச்சம் லேசாக ஏறி இறங்கும் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசினால், முதலில் தொலைநோக்கி விலையைத்தான் கேட்பார்கள். தொலைநோக்கியே வேண்டாம். செம்பனைத் தோட்டத்துக்கு மேல் மேகம் விலகினாலும், ஒரே ஊரிலிருந்து இரவில் மட்டும் பார்ப்பதால் உண்மையான அதிர்வெண்ணுக்கு இருபுறமும் 11.57 மைக்ரோஹெர்ட்ஸ் (ஒரு மைக்ரோஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சம் வினாடிக்கு ஓர் அதிர்வு) தள்ளிப் போலி அதிர்வெண்கள் முளைக்கும். விண்வெளியிலிருந்து நட்சத்திர வெளிச்சத்தை அளந்த கெப்ளர், டெஸ் விண்கலங்களின் தரவு இலவசம். மடிக்கணினி இருந்தால் சரி. அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் போட்டி.

சுலபமான வழிக்கு இரண்டே எண்கள்: அதிர்வு உச்சத்தில் இருக்கும் அதிர்வெண் (சூரியனுக்குச் சுமார் 3,090 மைக்ரோஹெர்ட்ஸ்), அதிர்வெண்கள் ஒன்றுக்கொன்று சீராக விலகி நிற்கும் ‘பெரிய இடைவெளி’ (சூரியனுக்குச் சுமார் 135 மைக்ரோஹெர்ட்ஸ்). இடைவெளி சராசரி அடர்த்தியைக் காட்டும். உச்சம் மேற்பரப்பு ஈர்ப்பைக் காட்டும். வெப்பநிலை தெரிந்தால் நிறையும் ஆரமும் ஒரே மாலையில் கிடைத்துவிடும். ஆனால் நிறைச் சூத்திரத்தில் இடைவெளி நான்காம் அடுக்கில் வருகிறது. அதில் 2 விழுக்காடு பிழைத்தால் நிறை 8 விழுக்காடு பிசகும். சூரியனைப் போன்ற நட்சத்திரத்தின் வயதைக் கேட்டால் இந்த வழி கைவிரித்துவிடும்.

வயது வேண்டுமென்றால் முழுக்கணக்குத்தான்: ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கணினியில் உருவாக்கிய நட்சத்திர மாதிரியோடு பொருத்த வேண்டும். மையத்தில் ஹைட்ரஜன் தீரத் தீர, ஒட்டி நிற்கும் அதிர்வெண் ஜோடிகளுக்கு நடுவே உள்ள ‘சிறு இடைவெளி’ (சூரியனில் சுமார் 9 மைக்ரோஹெர்ட்ஸ்) குறையும். வயது அதில்தான் ஒளிந்திருக்கிறது. 16 சிக்னி என்ற இரட்டை நட்சத்திரத்தின் இரு நட்சத்திரங்களும் தனித்தனியாகக் கணக்கிட்டும் சுமார் 700 கோடி ஆண்டு என்றே வந்தன. ஒன்றாகப் பிறந்த ஜோடி என்பதால் அப்படித்தானே வர வேண்டும்! தொல்லை என்னவென்றால், மேற்பரப்புக்கு அருகே மாதிரிகள் சரியில்லை, அதிர்வெண்கள் தவறிப்போகும். திருத்தம் போடுவதைவிட, சிறு இடைவெளியைப் பெரிய இடைவெளியால் வகுத்துப் பார்ப்பதையே நான் நம்புவேன். மேற்பரப்பின் குளறுபடி அதில் பெரும்பாலும் அடிபட்டுப்போகும்.

முதிர்ந்து ஊதிப்போன செம்பெருமீன் என்றால் நிலைமை வேறு. ஒரே அளவுள்ள இரண்டில் எது ஹீலியத்தை எரிக்கிறது என்று அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்வது கடினம். மையத்தைத் தொட்டுவரும் அலைகளின் கால இடைவெளி சுமார் 50 வினாடி என்றால் மையத்தைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் ஓடு மட்டும் எரிகிறது, 100 முதல் 300 வினாடி என்றால் மைய ஹீலியமும் எரிகிறது. 2011இல் கெப்ளர் தரவில் வெளிவந்தது இது. டெஸ் ஒரு பகுதியைப் பார்க்கும் 27 நாள் இதற்குப் பற்றாது. கெப்ளரின் நான்கு ஆண்டுத் தரவை எடுங்கள்.

அப்புறம், சூரியனைவிடச் சூடான, வேகமாகச் சுழலும் டெல்டா ஸ்கூட்டி வகை நட்சத்திரங்கள். இதில் இரண்டு வழியும் தடுமாறும். 2020இல் டெஸ் தரவில் 60 நட்சத்திரங்களிடம் ஒழுங்கான வரிசை தெரிந்தது, அவற்றில் பல இளசுகள். மற்றவற்றில் கை வைத்தால் பள்ளி விடுமுறை முழுக்கக் காலி.