பெற்றோருக்கு வால்வு பரிசோதனை: மூன்று வார லீவில் ஊரில் என்ன பார்க்கலாம்

ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே அப்பா அம்மாவை 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்'புக்கு அழைத்துப் போவது வெளிநாட்டுப் பிள்ளைகளின் வழக்கமாகிவிட்டது. மதுரையிலும் சென்னையிலும் இந்தச் சேவை வேகமாகவே நடக்கிறது. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு போனால் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆனால் இருதய வால்வு என்று வரும்போது இந்தப் பேக்கேஜில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, பரிசோதனைகளின் வரிசை. மற்றொன்று, ரத்தப் பட்டியலில் இல்லாத ஒரு பெயர்.

வரிசையை முதலில் பார்ப்போம். சில பேக்கேஜ்களில் டிரெட்மில் (நடக்கவைத்து இருதயத்தைச் சோதிப்பது) வரும், எக்கோ (ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடிப்பது) வராது. இரண்டும் இருந்தாலும் எந்த அறை காலியாக இருக்கிறதோ அங்கே முதலில் அனுப்பிவிடுவார்கள். எழுபது வயதுக்காரருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது, ஒருமுறை தலைசுற்றி விழுந்தும் இருக்கிறார் என்றால், இருதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டிக் வால்வு சுருங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் டிரெட்மில்லில் ஏற்றுவது ஆபத்து. வால்வு கடுமையாகச் சுருங்கி, இப்படி அறிகுறியும் இருப்பவருக்கு அந்தப் பரிசோதனையே கூடாது. "எக்கோ முடிந்து ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்த பிறகுதான் டிரெட்மில்" என்று கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எக்கோ ரிப்போர்ட்டில் 'வால்வு தடித்திருக்கிறது' என்று ஒரு வரி மட்டும் இருந்தால் அது போதாது. மூன்று எண்கள் வேண்டும்: வால்வு வழியாக ரத்தம் பாயும் உச்ச வேகம், சராசரி அழுத்த வித்தியாசம், வால்வு திறக்கும் பரப்பு. வேகம் நொடிக்கு 2 முதல் 2.9 மீட்டர் வரை லேசான சுருக்கம், 3 முதல் 3.9 வரை நடுத்தரம், 4-ஐத் தொட்டால் கடுமை. அழுத்த வித்தியாசம் பாதரச அளவில் 40 மில்லிமீட்டரும் அதற்கு மேலும், பரப்பு 1 சதுர சென்டிமீட்டரும் அதற்குக் கீழும் கடுமையின் அடையாளங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் வேகத்தை அளக்கும் ஒலி அலையான டாப்ளர் கதிர் ரத்த ஓட்டத்தின் நேர்கோட்டில் விழாதது ஒரு காரணமாக இருக்கலாம். சாய்வாக விழுந்தால் வேகம் குறைவாகவே பதிவாகும், கூடுதலாகப் பதிவாகாது. மார்பெலும்பின் வலப்பக்கத்திலிருந்தும் பார்த்தார்களா என்று கேட்கலாம். பரிசோதனை நேரத்து ரத்த அழுத்தமும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இருதயம் பலவீனமாகி ரத்தம் பாயும் வேகம் குறைந்திருப்பவர்களுக்கு, மருந்து ஏற்றாத சி.டி. ஸ்கேனில் வால்வின் கால்சியம் அளவைப் பார்ப்பார்கள். ஆண்களுக்கு 2000, பெண்களுக்கு 1200 தாண்டினால் கடுமையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கால்சியம் என்றதும் பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு. அது வேண்டாத வேலை. வால்வில் படிவது தட்டில் இருக்கும் கால்சியத்தால் வருவதில்லை.

அடுத்தது ரத்தம். லிப்பிட் புரொஃபைலில் எல்.டி.எல்., எச்.டி.எல்., டிரைகிளிசரைடு எல்லாம் இருக்கும், லைப்போபுரோட்டீன்-ஏ என்ற, ரத்தத்தில் கொழுப்பைச் சுமக்கும் துகள் இருக்காது. இதன் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எல்.பி.ஏ. என்ற மரபணு. அதில் உள்ள ஒரு மாற்றம் அயோர்ட்டிக் வால்வில் கால்சியம் படிவதோடு தொடர்புடையது என்று 2013-இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு காட்டியது. தெற்காசியர்களிடம் இந்த அளவு சராசரியாக ஐரோப்பியர்களைவிடக் கூடுதல். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும், வெறும் வயிறும் தேவையில்லை. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது மட்டும் வேண்டாம்.

தவறு நடப்பது பில் போடும் இடத்தில். 'அப்போ ஏ-ஒன்' என்பது வேறு பரிசோதனை, அது எச்.டி.எல்.லின் புரதம். பெயர் ஒத்திருப்பதால் அதைப் போட்டுவிடுகிறார்கள். பில்லில் முன்னால் 'அப்போ' இல்லாமல் 'லைப்போபுரோட்டீன்-ஏ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அலகையும் கவனியுங்கள். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம், அல்லது லிட்டருக்கு 125 நானோமோல் தாண்டினால் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றை மற்றொன்றாகப் பெருக்கி மாற்றினால் கணக்கு தப்பும், ஏனென்றால் இந்தத் துகளின் எடை ஆளுக்கு ஆள் மாறும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அதிகம் என்று வந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறவியிலேயே இரண்டு இதழ் வால்வு என்று எக்கோவில் தெரிந்தாலும் அப்படித்தான், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு எக்கோ.

இனி, எல்லோரும் கேட்கும் எண்ணெய். செக்கு எண்ணெய்க்கு மாறினால் லைப்போபுரோட்டீன்-ஏ இறங்குமா? இறங்காது. எண்ணெய் மாற்றினால் அது பெரிதாக அசைவதில்லை. எண்ணெய் மாற்றுவது 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல்.லை. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதமும், ரேஷன் பாமாயிலில் ஏறக்குறையப் பாதியும் நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் அது குறைவு. சூரியகாந்தியில் லினோலியிக் அமிலம் மிகுதி. உடம்பு அதை அராகிடோனிக் அமிலமாக மாற்றும் வழியில் எஃப்.ஏ.டி.எஸ்-ஒன் என்ற மரபணு இருக்கிறது, அதற்கும் வால்வுச் சுருக்கத்துக்கும் தொடர்பு கண்டிருக்கிறார்கள். அதற்காகச் சூரியகாந்தி டின்னைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சாப்பாட்டை மாற்றி வால்வைக் காப்பாற்றலாம் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. நால்வர் உள்ள வீட்டுக்கு மாதம் 2 லிட்டருக்குள் எண்ணெயை நிறுத்துவது எந்த எண்ணெய் என்ற விவாதத்தைவிடப் பயன் தரும்.

மாத்திரையும் இப்படித்தான். 1,873 பேரை வைத்து நடந்து 2008-இல் முடிவு வெளியான ஆய்வில், ஸ்டேட்டின் உள்ளிட்ட, கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள் வால்வுச் சுருக்கத்தின் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஆனால் ஸ்டேட்டின் கொடுப்பது இருதய ரத்தக்குழாய்க்காக. வால்வுக்கு உதவாது என்று நிறுத்திவிடக் கூடாது.

நம் பக்கத்துக்கென்று ஒன்று உண்டு. அக்காள் மகள், மாமன் மகன் என்று சொந்தத்துக்குள் கட்டிய குடும்பத்தில், பரம்பரை உயர்கொழுப்பு மரபணு இரு பக்கத்திலிருந்தும் ஒரே பிள்ளைக்கு இறங்கலாம். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொன்று இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. முழங்கையிலும் முட்டியிலும் குதிகால் தசைநாணிலும் மஞ்சள் கட்டிகள் இருக்கும் சிறுவனைத் தோல் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எல்.டி.எல். 400, 500 என்று போயிருக்கும், வால்வும் சிறுவயதிலேயே கெடும்.

ஏற்கெனவே உலோக வால்வு வைத்துக்கொண்டு வருகிறவர்கள் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்க வெளிநாட்டில் வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இங்கே மருந்துக்கடையில் அதே வகை மருந்தான அசெனோகூமரால் நீட்டப்படலாம். இரண்டும் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் சமமில்லை, டாக்டர் சொல்லாமல் மாற்றக் கூடாது. வந்த பிள்ளைக்கு அம்மா தினம் முருங்கைக்கீரை ஆக்கிப் போட்டால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும். வந்த ஒரு வாரத்தில் ஒரு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பாருங்கள். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள், முடிவும் பெரும்பாலும் அன்று மாலையே போனுக்கு வந்துவிடும்.

எக்கோ படங்களைத் தெர்மல் தாளில் கொடுப்பார்கள், கொஞ்ச வருடத்தில் வெளுத்துவிடும். கம்ப்யூட்டரில் போடும் வட்டில் பதிந்து கேட்டு வாங்குங்கள். நடுத்தரச் சுருக்கம் என்றால் ஓரிரு வருடத்தில் மறுபடி எடுக்கும்போது, ஒப்பிட அந்தப் படம் வேண்டும்.