சோளிங்கர் பெரிய மலை ரோப் கார்: ஒரு பயண மதிப்புரை

முழங்கால் வலி காரணமாகச் சோளிங்கர் யோக நரசிம்மரை அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெரியவர்கள் வேலூர், ஆற்காடு, ராணிப்பேட்டைப் பக்கங்களில் ஏராளம். பெரிய மலைக்கு 1,305 படிகள். டோலியில் போகலாம் என்றால் சிலருக்குச் செலவு கட்டுப்படியாகாது. இன்னும் சிலருக்குத் தம்மை நான்கு பேர் தோளில் சுமப்பதை மனம் ஒப்பாது. 2024-இல் தொடங்கப்பட்ட கம்பிவட ஊர்தி, ஊர் வழக்கில் ரோப் கார், இவர்களுக்காகவே வந்தது என்று சொல்லலாம். என் தாயாரை அழைத்துக்கொண்டு அதில் சென்று வந்த அனுபவத்தையும், இவ்வகை ஊர்திகளின் பொறியியலைப் பற்றிப் படித்தறிந்ததையும் சேர்த்து இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயதானவர்களைத் தயங்காமல் அழைத்துச் செல்லலாம், ஆனால் அது எப்போது ஓடும், எப்போது நிற்கும், ஏன் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

வேலூரிலிருந்து வருபவர்கள் ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை வழியாகச் சோளிங்கரை அடைந்து, ஊரைத் தாண்டிக் கொண்டபாளையத்தில் உள்ள மலையடிவாரத்துக்குச் செல்ல வேண்டும். ஏறுமிடத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை, அம்மாவால் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் காலெடுத்து வைக்க முடியுமா என்பதுதான். அந்தக் கவலைக்கு இடமில்லாமல் போயிற்று. பெட்டிகள் நிலையத்துக்குள் வரும்போது வடத்தின் வேகம் நன்றாகத் தணிந்துவிடுகிறது. கதவருகே நின்ற ஊழியர், "அவசரமே இல்லம்மா, நல்லா உக்காருங்க, கதவ நான் சாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் சேலைத் தலைப்பு வெளியே தொங்காமல் உள்ளே எடுத்து விட்டுக்கொள்ளும் வரை பொறுத்திருந்து, பிறகுதான் தாழிட்டார். வரிசை நீண்டிருக்கும் நாளில் இந்தப் பொறுமை எளிதில் வராது. அதைத் தனியே பாராட்ட வேண்டும்.

பயணம் சில நிமிடங்களே. தரையை விட்டுக் கிளம்பியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. வடத்தைத் தாங்கும் இரும்புக் கோபுரத்தைக் கடக்கும்போது மட்டும் தலைக்கு மேலே உருளைகள் மீது வடம் ஏறி இறங்கும் படபடப்பு ஒன்று பெட்டியின் கூரை வழியாக இருக்கை வரை இறங்கி வருகிறது. முதன்முறை செல்பவர்கள் பயப்படுவது அந்த இடத்தில்தான். வரிசையாகப் பொருத்தப்பட்ட அந்தச் சிறு சக்கரங்கள்தான் வடத்தைத் தாங்கி, அதன் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கின்றன. பெட்டியைப் பிடித்திருக்கும் கவ்வி அவற்றின் மேல் ஏறிச் செல்லும்போது அதிர்வு ஏற்படுவது இயல்பு. வடம் உருளையை விட்டு விலகினால் தாங்கிக்கொள்ளும் பிடிகளும், விலகிய உடனே இயந்திரத்தை நிறுத்திவிடும் மின்சுவிட்சுகளும் இத்தகைய கோபுரங்களில் அமைக்கப்படுகின்றன. கீழே படிக்கட்டில் குரங்குகளுக்குப் பயந்து பூஜைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி ஏறுகிறவர்களைப் பார்த்ததும் அம்மாவின் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது.

கம்பிவட ஊர்திகளில் இரண்டு பெருங்குடும்பங்கள் உண்டு. ஒன்றில், அசையாமல் இழுத்துக் கட்டப்பட்ட தடித்த வடம் தண்டவாளமாக இருக்கும். அதன் மேல் சக்கரங்களால் ஓடும் பெரிய பெட்டியை வேறொரு மெல்லிய வடம் இழுக்கும். உயர்ந்த பனிமலைகளில், ஒரு பெட்டி ஏற மற்றொன்று இறங்கும் பெரிய ஊர்திகள் பெரும்பாலும் இந்த வகை. மற்றொன்றில் ஒரே வடம்தான். அதுவே தாங்கும், அதுவே இழுக்கும். முனை கூட்டி வளையமாக்கப்பட்ட வடம் மேலும் கீழும் உள்ள பெருஞ்சக்கரங்களைச் சுற்றி ஓட, பெட்டிகள் அதைக் கவ்விக்கொண்டு கூடவே போகும். நம் கோயில் மலைகள் போன்ற குறைந்த உயரத்துக்கு இந்த இரண்டாம் வகையே பொருத்தம். கவ்விகளைக் கழற்றாமல், பெட்டிகளைக் கொத்துக் கொத்தாக மாட்டி, ஒரு கொத்து கீழ் நிலையத்தில் இருக்கும்போது மற்றொரு கொத்து மேல் நிலையத்தில் இருக்குமாறு இடைவெளியைக் கணக்கிட்டால், வடம் முழுவதன் வேகத்தையும் ஒரே நேரத்தில் குறைத்து இரண்டு இடங்களிலும் ஆட்களை ஏற்றி இறக்கலாம். ஒரு மணி நேரத்தில் செல்வோர் எண்ணிக்கை இதனால் குறையும். ஆனால் ஊன்றுகோலோடு வரும் பாட்டி பதறாமல் ஏறுவார். கோயிலுக்கு எது முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்ந்தது எடையைச் சமன் செய்யும் விதம். வட ஆற்காட்டு வயல்களில் முன்பு ஏற்றம் இறைத்தவர்கள், மேலே மரத்தின் மீது நடப்பவரின் எடையைக் கொண்டே கிணற்றிலிருந்து நீர் நிறைந்த வாளியைத் தூக்கினார்கள். இங்கும் இறங்கும் பெட்டிகளின் எடை ஏறும் பெட்டிகளைத் தூக்குகிறது; இரு பக்க எடைக்கும் உள்ள வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே மோட்டார் சமாளிக்க வேண்டும். காலையில் எல்லோரும் ஏறுவார்கள், இறங்கும் பெட்டிகள் காலியாக வரும். மோட்டாருக்குக் கடினமான நேரம் அதுதான். தரிசனம் முடிந்து எல்லோரும் இறங்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது: வடம் தானாகவே ஓடப் பார்க்கும், மோட்டார் அதை இழுத்துப் பிடிக்கும் வேலையைச் செய்யும். ஆகவே இத்தகைய ஊர்தியில் ஏற்றும் ஆற்றலைவிடப் பிரேக்கின் நம்பகமே பெரிது. வழக்கமான பிரேக் ஒன்று, பெருஞ்சக்கரத்தையே நேரடியாகக் கவ்வும் அவசரப் பிரேக் ஒன்று, மின்சாரம் போனால் பெட்டிகளை மெதுவாக நிலையம் சேர்க்கத் தனி எஞ்சின் ஒன்று என்று அடுக்கடுக்காக ஏற்பாடு செய்வது உலகெங்கும் உள்ள நடைமுறை.

வெயிலின் கணக்கும் உண்டு. எஃகு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு நீளும். ஆயிரம் மீட்டர் சுற்றளவுள்ள வடம், விடியற்காலைக்கும் சித்திரை நண்பகலுக்கும் இடையே 20 டிகிரி சூடேறினால் சுமார் 24 சென்டிமீட்டர் நீண்டுவிடும். அந்தத் தளர்வை விட்டுவிட்டால் வடம் தொய்ந்து பெட்டிகள் தாழ்ந்துபோகும். அதனால்தான் ஒரு முனையில் உள்ள பெருஞ்சக்கரத்தை அசையும்படி அமைத்து, தொங்கும் எடையாலோ ஹைட்ராலிக் உருளையாலோ எப்போதும் ஒரே அளவு விசையில் இழுத்து வைக்கிறார்கள். வேலூர் வெயிலை அறிந்தவர்களுக்கு இதன் தேவை புரியும்.

இந்தத் தொழில்நுட்பத்தின் வேர் மிகப் பழையது. 1644-இல் இன்றைய போலந்தில் உள்ள டான்சிக் நகரில், ஆடம் வீபே என்னும் டச்சுப் பொறியாளர், கோட்டை கட்டுவதற்கு வேண்டிய மண்ணைக் குன்றிலிருந்து கொண்டுவர, பல தூண்களின் மேல் கயிறு ஓட்டி அதில் கூடைகளைத் தொங்கவிட்டார். குதிரைகள் அதை இழுத்தன. அவரிடம் இருந்தது நார்க்கயிறு. மனிதரை நம்பி ஏற்றும் அளவுக்கு இத்துறையை உயர்த்தியது 1834-இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களுக்காக வில்ஹெல்ம் ஆல்பர்ட் உருவாக்கிய கம்பி வடம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று. வடத்தில் ஓர் இழை அறுந்தால் அதன் பாரத்தை மற்ற இழைகள் பகிர்ந்துகொள்ளும், அறுந்த இழையும் பரிசோதிப்பவர் கண்ணில் படும். 1908-இல் சுவிட்சர்லாந்தின் வெட்டர்ஹார்ன் மலைச்சரிவில் பயணிகள் ஊர்தி ஓடியது இந்த வடத்தின் தைரியத்தில்தான். நம் பக்கமும் பின்தங்கியிருக்கவில்லை: ஏறத்தாழ அதே காலத்தில் மூணாறு மலைகளின் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து போடிநாயக்கனூர் அருகே கோட்டகுடிக்குக் கம்பி வடத்தில்தான் இறங்கியது. தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த அந்த வசதி, தமிழகக் கோயில் மலையில் பக்தருக்குக் கிடைக்க 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; அந்த ஆண்டுதான் பழநியில் ரோப் கார் வந்தது.

பழநி அனுபவம் நமக்கும் பாடம். அங்கே பராமரிப்புக்காக மாதத்தில் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒருமுறை பல வாரங்களும் ஊர்தியை நிறுத்துகிறார்கள். காற்று பலமாக வீசினாலும் நிறுத்துகிறார்கள். பக்தர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் கவ்விகள் ஒரே இடத்தை இறுக்கிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் வடம் களைத்துவிடும் என்பதால், அவற்றைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கழற்றி நகர்த்திப் பூட்ட வேண்டும். வடத்தின் உள்ளே அறுந்த இழைகளைக் காந்தக் கருவியால் தேட வேண்டும். உருளைகளின் ரப்பர் பட்டைகளை மாற்ற வேண்டும். பக்கவாட்டுக் காற்றில் ஆடும் பெட்டி கோபுரத்தை நெருங்கும்போது என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றில் சோளிங்கரிலும் ஊர்தியை நிறுத்தினால், முடிவெடுத்த அந்த இயக்குநரின் பக்கமே நான் நிற்பேன். வெளியூரிலிருந்து பெரியவர்களை அழைத்து வருபவர்கள், கிளம்பும் முன்பே அன்று ஓடுகிறதா என்று கோயிலில் கேட்டுக்கொள்வது நல்லது. நரசிம்மர் கண் திறந்திருப்பதாக நம்பப்படும் கார்த்திகை மாதத்தில், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டம் நெரியும். முடியாதவர்களை வார நாளின் காலையில் அழைத்து வாருங்கள்.

குறை என்று சொன்னால், மேல் நிலையத்தில் இறங்கிய பிறகும் சந்நிதிக்குச் சில படிகள் ஏற வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு அது பெரிய தடை. அம்மா இரண்டு இடங்களில் நின்று, கைப்பிடியைப் பற்றி மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினார். அடுத்தது சின்ன மலை. பெரிய மலையில் நரசிம்மரைச் சேவித்தவர்கள் எதிரே யோக ஆஞ்சநேயரையும் சேவிப்பதே இத்தலத்து வழக்கம். அங்கே 406 படிகள், ரோப் கார் கிடையாது. அந்த உயரத்துக்கு மற்றொரு வடம் போடுவதைவிட, நன்கு பராமரிக்கப்படும் மின்தூக்கியோ சாய்தள இழுவை வண்டியோ போதும் என்பது என் கருத்து. அதுவரை, காலில் தெம்பு உள்ளவர்கள் சின்ன மலையை வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட்டு, பெரியவர்களோடு சேர்ந்து பெரிய மலைக்கு ரோப் காரில் செல்வதே வசதியான வரிசை.