கையில் ஊசியா, நெஞ்சில் ஊசியா: சார்கோய்டோசிஸைக் கண்டறியும் இரு வழிகள்

தில்லி மயூர் விகாரில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு வறட்டு இருமல் நிற்காமல் எடுத்த எக்ஸ்ரேயில், இரு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. சளியில் கிருமி தென்படாதபோதும், ஒரு மருத்துவமனை உடனே காசநோய் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பின் பார்த்த வேறொரு மருத்துவர், உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் உண்டாகும் சார்கோய்டோசிஸ் என்ற நோய் என்று சந்தேகித்து, கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையையும், குழாய் வழியாகத் திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியையும் எழுதிக் கொடுத்தார். "கையில் ஓர் ஊசி போட்டால் தெரியும் என்றால், தொண்டைக்குள் குழாய் எதற்கு?" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான்.

சார்கோய்டோசிஸுக்கென்றே ஒரு தோல் சோதனை ஒருகாலத்தில் இருந்தது. நார்வே மருத்துவர் க்வைம் 1941-இல் விவரித்த அச்சோதனையில், நோயாளி ஒருவரின் திசுவிலிருந்து தயாரித்த கரைசலைத் தோலுக்குள் செலுத்தி, நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து அங்கே எழும் சிறு முடிச்சை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆக, பெயர்தான் தோல் சோதனை. தீர்ப்பைச் சொன்னது அங்கும் பயாப்ஸிதான். மனிதத் திசு வழியாகத் தொற்று பரவுமோ என்ற அச்சத்தாலும், தரப்படுத்திய கரைசல் கிடைக்காததாலும் அது வழக்கொழிந்தது.

இன்று எஞ்சியிருக்கும் மாண்டூ, காசநோய்க் கிருமியின் புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையை மட்டுமே அளக்கிறது. சித்தப்பாவின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் வட்டமிட்டு, "சொறியாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டியது சிவப்பை அல்ல, தடிப்பை. விரலால் தடவி, அதன் விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். சித்தப்பாவுக்குத் தடிப்பே இல்லை. சார்கோய்டோசிஸில் தோலின் இந்த எதிர்வினை மங்கிவிடுவது வழக்கம் என்பதாலும், பெரியவர்களில் பலர் காசநோய்க் கிருமியை நோயின்றியே சுமக்கும் தில்லி போன்ற நகரில் இப்படி ஒரு பூஜ்யத்துக்குக் கூடுதல் பொருள் உண்டு என்பதாலும், அது கவனத்துக்குரிய தடயம். ஆனால் தடயம் சாட்சியாகாது: எச்.ஐ.வி., ஊட்டச்சத்துக் குறைவு, உடலெங்கும் பரவிய காசநோய், ஸ்டீராய்டு ஆகியவையும் இதே பூஜ்யத்தைத் தரும்.

சாட்சி, திசுவில்தான் இருக்கிறது. வாய் வழியாகச் செலுத்தும் குழாயின் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்டால் கணுவைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் செல்களை எடுக்கும் ஈபஸ் முறைக்கு வெட்டும் இல்லை, தையலும் இல்லை. 304 நோயாளிகளை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், உள்நோக்கி அல்ட்ராசவுண்டுடன் ஊசி போட்டவர்களில் 80 சதவீதத்தினருக்கும், வழக்கமான பிராங்கோஸ்கோபி பயாப்ஸியில் 53 சதவீதத்தினருக்கும் கண்டறிதல் கிட்டியது. நுரையீரல் திசுவைக் கிள்ளி எடுக்கும் பிந்தைய முறையில் காற்றுக் கசியும் அபாயமும் உண்டு. என்னைக் கேட்டால், வசதியுள்ள இடத்தில் முதலில் ஈபஸ்தான்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. பாலாடைக்கட்டி போன்ற நசிவு இல்லாத கிரானுலோமா (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) தெரிந்தால் சார்கோய்டோசிஸ் என்று பாடப்புத்தகம் சொன்னாலும், காசநோயிலும் சில வேளைகளில் நசிவு தென்படாது. எனவே எடுத்த மாதிரியில் ஒரு பகுதியைச் சலைனில் வைத்து காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளர வழியில்லை. அதைக் குழாய் போடும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. திசுவறிக்கை இப்படி இழுபறியில் நிற்கும்போதுதான், கையில் விழுந்த அந்தப் பூஜ்யத்துக்கு எடை கூடுகிறது.

தோலையே பயாப்ஸி செய்வதும் உண்டு. பழைய தழும்பிலோ மூக்கிலோ எழுந்த தடிப்பு என்றால் அதுவே மிக எளிய வழி. ஆனால் முழங்காலுக்குக் கீழே வலிக்கும் சிவந்த கட்டிகளை வெட்டிப் பயனில்லை. அங்கே கொழுப்படுக்கின் அழற்சிதான் தெரியும், கிரானுலோமா தெரியாது. அக்கட்டிகளோடு காய்ச்சலும் கணுக்கால் வீக்கமும் இருபுறக் கணு வீக்கமும் சேர்ந்து வந்தால் அது லோஃப்கிரென் தொகுப்பு. அதற்குப் பயாப்ஸி இல்லாமலே முடிவு செய்யலாம்.

தோல் சோதனையோ பயாப்ஸியோ, இரண்டில் எதுவானாலும், சார்கோய்டோசிஸுக்குத் தரும் ஸ்டீராய்டுக்கு முன்பே செய்துவிட வேண்டும். அம்மாத்திரை உள்ளே போனபின் தோலும் மௌனமாகலாம், கிரானுலோமாவும் கரையலாம். சித்தப்பாவுக்கு ஈபஸ் முடிந்துவிட்டது. கல்ச்சர் முடிவுக்கு ஆறு வாரம் வரை ஆகும் என்பதால், மருத்துவர் இன்னும் ஸ்டீராய்டு எழுதவில்லை.