பழைய வண்ணாரப்பேட்டையில் சவுண்ட் பாக்ஸ் சர்வீஸ்: மைக்காவுக்குப் போகலாம், 5ஏ-வுக்கு வேண்டாம்

கிராமபோன் சரியாகப் பாடவில்லை என்றால் பலரும் முதலில் மோட்டாரைத்தான் திறக்கிறார்கள். வேகம் சரியாக இருந்தும் குரல் கரகரக்கிறது, மேல் ஸ்தாயியில் பிசிறடிக்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் சவுண்ட் பாக்ஸில்தான், அதாவது ஊசியின் அசைவைச் சத்தமாக்கும் வட்டப் பெட்டியில். பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் மெஷின், சுவர்க் கடிகாரம் பார்க்கிற ஒரு சின்னப் பட்டறை இந்த வேலையையும் எடுத்துக்கொள்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. மூன்று பாக்ஸ்கள் கொடுத்துப் பார்த்தோம்.

முதலாவது எச்எம்வி கம்பெனியின் எக்ஸிபிஷன் மாடல். வாங்கியதும் பட்டறைப் பெரியவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே அதிரும் மைக்கா (அபிரகம்) தகட்டில் வெள்ளி நிறத் திட்டு தெரிந்தால் அடுக்கு பிரிந்துவிட்டது என்று அர்த்தம். தகட்டின் விளிம்பைப் பிடிக்கும் ரப்பரான கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்தத் தகடு கரகரக்கத்தான் செய்யும். இதில் ஓரத்தில் மட்டும் லேசாக இருந்ததால், "தகடு ஓடும், ரப்பர்தான் செத்துப்போச்சு" என்றார். திறந்தபோது கேஸ்கட் கறுப்பு மண்ணாக உதிர்ந்தது. ரப்பர் இறுகிவிட்டால் தகட்டின் விளிம்பு அசைய முடியாது. கீழ் ஸ்வரங்கள் முதலில் காணாமல் போகும். சுருங்கியிருந்தால் காற்று கசிந்து சத்தமே சன்னமாகிவிடும்.

வேலை செய்த வரிசை பிடித்திருந்தது. ஊசிக் கம்பியை மைக்காவோடு இணைக்கும் நடுத் திருகின் மேல் இருக்கும் மெழுகைச் சூடான கம்பி முனையால் உருக்கிவிட்டுத்தான் திருகைத் தொட்டார். அதைச் செய்யாமல் திருகினால் மைக்காவின் நடு ஓட்டை விரிந்துவிடும். திருகு கழன்ற பிறகுதான் பின் மூடியைத் திறந்தார். சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமனில் மெல்லிய, உள்ளே துளையுள்ள ரப்பர் டியூபை முனையோடு முனை இடைவெளி விடாமல் சேரும் அளவுக்கு வெட்டி, தகட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைத்தார். பல இடங்களில் சைக்கிள் வால்வு டியூபைத் திணித்துவிடுகிறார்கள். அது தடிமன், விறைப்பும் அதிகம், தகட்டை நெரித்துவிடும்.

ஊசி பிடிக்கும் கம்பியைச் சரிபார்ப்பதில்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். நடுத் திருகு போடாத நிலையில் கம்பியின் நுனி மைக்காவைத் தொட்டும் தொடாமலும் ஓட்டைக்கு நேராக நிற்க வேண்டும். தகட்டை அமுக்கினாலோ விலகி நின்றாலோ, திருகியதும் மைக்கா வளைந்துவிடும். அப்புறம் உரத்த இடமெல்லாம் பிசிறுதான். இரண்டு ஸ்பிரிங் திருகுகளையும் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுவந்தார். கடைசியாகத் திருகின் இரு பக்கமும் ஒரு சொட்டுத் தேன்மெழுகு. ஃபெவிகுவிக் போடும் கடைகளைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சொட்டின் அருமை தெரியும். பின்பக்க ரப்பர் வளையத்தையும் மாற்றினார். அது கல்லாகிவிட்டால் டோன் ஆர்மின் (பாக்ஸைத் தாங்கும் குழாயின்) உலோகத்தோடு பாக்ஸ் நேராக ஒட்டிக்கொண்டு கடகடக்கும். காசிமேடு, ராயபுரம் பக்கத்து உப்புக் காற்றில் இருந்த பெட்டிகளுக்கு ஸ்பிரிங் துருவும் சேர்ந்துகொள்ளும். முதல் நாளே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால் திருகுத் தலை தேயாமல் கழலும்.

நாதஸ்வரத் தட்டு போட்டுப் பார்த்தோம். பிசிறைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனை இல்லை. உச்சத்தில்கூட சுத்தமாக இருந்தது. கூலி 900 ரூபாய்; இந்த வேலைக்கு நியாயம்.

இரண்டாவது, புதுப் பித்தளைப் புனல் வைத்து விற்கிற அலங்கார மெஷினிலிருந்து எடுத்தது. நாய்ப் படம் ஒட்டியிருக்கும், ஆனால் வார்ப்பு சொரசொரப்பு, ஊசிக் கம்பி ஆடுகிறது, எழுத்து மழுங்கல். "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, தட்டைத்தான் தின்னும்" என்று காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த நேர்மைக்காகவே இந்தப் பட்டறையைச் சொல்லலாம்.

மூன்றாவது, எச்எம்வி 102 என்ற கைப்பெட்டி கிராமபோனில் வரும் 5ஏ மாடல். இங்கேதான் வருத்தம். பெரியவர் இல்லாத நேரத்தில் உதவியாளர் அதையும் எக்ஸிபிஷன் போலவே நெம்பித் திறந்திருக்கிறார். 5ஏ-வின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் இருந்தால் வருடங்கள் போகப்போக உள்ளுக்குள்ளேயே உப்பி, மயிரிழை வெடிப்பு விடும். நெம்பினால் பிஸ்கட் மாதிரி உடையும். உடைந்தது. உள்ளே இருப்பது மைக்கா அல்ல, நெளிவுகள் அழுத்திய மெல்லிய அலுமினியத் தகடு. அதிலும் விரல் பட்டுப் பள்ளம். அதை நிமிர்த்த வழியில்லை. பணம் வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனால் போன பாக்ஸ் போனதுதான். கொடுப்பதற்கு முன் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தாலும் யாரிடமும் திறக்கக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குறை: டப்பாவில் கிடந்த பழைய ஊசியைப் போட்டே சோதிக்கிறார்கள். எஃகு ஊசி ஒரு பக்கம் ஓடினாலே முனை உளிபோலத் தேய்ந்துவிடும். அடுத்த பக்கம் அது தட்டின் பள்ளத்தைச் சீவும். ஊசியும், கீறினாலும் பரவாயில்லை என்கிற 78 சுற்று வேகத் தட்டு ஒன்றும் நீங்களே கொண்டுபோங்கள். போவதற்கு முன் பெரியவர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.