கால் எரிவு: விட்டமின் ஊசியா, எண்ணெயா, இரவுக் குளிசையா?

சலரோகம் (நீரிழிவு) வந்து சில வருடம் போனபின் தொடங்குகிற கால் எரிவுக்கு வன்னியில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் விட்டமின் ஊசி போடச் சொல்வார். இன்னொருவர் பரியாரியாரிடம் எண்ணெய் வாங்கச் சொல்வார். பாமசியில் போய், "தம்பி, கால் எரிவுக்கு நல்லதாப் பாத்து ஒண்டு தாங்கோ" என்றால் நோவுக் குளிசை ஒன்றும் விட்டமின் அட்டை ஒன்றும் கைக்கு வரும். கிளினிக்கில் எழுதுவது வேறொன்றாக இருக்கும்.

முதலில் இது நரம்பு வலிதானா என்று பார்க்கவேண்டும். சலரோக நரம்பு வலி பெரும்பாலும் இரண்டு பாதத்திலும் ஒன்றாக வரும். விரல் நுனியில் தொடங்கி, சொக்ஸ் போடுகிற அளவுக்கு மெல்ல மெல்ல மேலே ஏறும். பகலில் வயலிலோ கடையிலோ நிற்கும்போது அவ்வளவாகத் தெரியாது, படுத்தால் பிடித்துக்கொள்ளும். போர்வை பட்டாலே சுள்ளென்று இருக்கும். கட்டிலை விட்டிறங்கிப் பாதத்தைச் சீமெந்துத் தரையில் அழுத்திக்கொண்டு விடியும்வரை இருப்பவர்கள் எங்கள் வீடுகளில் குறைவில்லை. அதே காலில் முள் ஏறினால் மட்டும் தெரியாது. எரிவும் விறைப்பும் ஒரே பாதத்தில் குடியிருப்பதுதான் இந்த வருத்தத்தின் கேடு.

நோவுக் குளிசையை முதலிலேயே தள்ளிவிடலாம். பனடோல் இதற்குப் பெரிதாக வேலை செய்யாது. டைக்குளோபெனாக் போன்றவை வீக்கத்தால் வரும் நோவுக்கானவை. கெட்டுப்போன நரம்பு தானாக அனுப்புகிற வலியை அவை தொடுவதில்லை, ஆனால் சிறுநீரகத்தைத் தொடும். வவுனியா மாவட்டத்தின் சில விவசாயக் கிராமங்களில் காரணம் இன்னும் உறுதியாகாத சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருக்கிறது. சலரோகமும் அதே உறுப்பைத்தான் அரிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு மாதக்கணக்காக டைக்குளோபெனாக் போடுவதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது.

விட்டமின் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பி12 குறைந்தாலும் இதே எரிவும் விறைப்பும் வரும். சலரோகத்துக்குக் கொடுக்கும் மெட்போமினை வருடக்கணக்காகப் போடுபவர்களுக்குப் பி12 குறைய இடமுண்டு. முழுச் சைவக்காரருக்கும் அப்படியே. அந்தக் குறைபாடு இருந்தால் ஊசி அருமையான வைத்தியம், இவ்வளவு மலிவில் இவ்வளவு பலன் வேறெதிலும் இல்லை. குறைபாடு இல்லாதவருக்கு அதே ஊசியால் எரிவு போகுமென்று நம்ப ஆதாரம் மிகக் குறைவு. பி6 அடங்கிய குளிசையை அளவுக்கு மிஞ்சி நெடுநாள் போட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும் என்பது பாமசியில் யாரும் சொல்லாத சேதி. காசநோய்க்கு ஐசோநயசிட் எடுப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்குப் பி6 கட்டாயம் வேண்டும், அளவை வைத்தியரே எழுதுவார். கள்ளும் சாராயமும் நெடுநாள் குடித்த காலுக்குப் பி1ஐயும் யோசிக்கவேண்டும், குடியை விடுவது அதைவிட முக்கியம்.

உண்மையான போட்டி மூன்று வகைக் குளிசைகளுக்கு இடையில்தான்: அமிட்ரிப்டிலின், பிரிகாபலின் அல்லது அதன் உறவான கபபென்டின், டுலொக்செட்டின். எது கெட்டிக்காரன் என்று கேட்பவர்களுக்கு 2022இல் லான்செட் என்ற மருத்துவ சஞ்சிகையில் வந்த பிரித்தானிய ஆய்வு நல்ல பதில் வைத்திருக்கிறது. சலரோக நரம்பு வலி உள்ள 130 பேரை எடுத்து, ஒரு மருந்தில் தொடங்கி, போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்க்கும் மூன்று வழிகளை மாறிமாறிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு வழியும் 16 வாரம். 10க்கு 6.6 ஆக இருந்த வலி மூன்றிலும் 3.3 அளவுக்கு இறங்கியது. எரிவு முழுதாகப் போகவில்லை, பாதிதான் போனது. அந்தப் பாதியே நித்திரை கொள்ளப் போதும். பக்கவிளைவுதான் வேறுபட்டது: அமிட்ரிப்டிலினில் வாய் உலர்வு, பிரிகாபலினில் தலைச்சுற்று, டுலொக்செட்டினில் குமட்டல். ஆகவே ஆளைப் பார்த்துத்தான் குளிசையைத் தெரிவுசெய்யவேண்டும்.

அறுபது தாண்டாத, இதய வருத்தம் இல்லாத, சலம் போவதில் சிக்கல் இல்லாத ஒருவருக்கு அமிட்ரிப்டிலினோடு தொடங்குவதே சரி என்பேன். மலிவு, பழைய மருந்து, இரவில் 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டலாம். படுக்க ஒன்றிரண்டு மணித்தியாலம் முன்னரே போட்டால் காலையில் தூக்கக் கலக்கம் குறையும். இதன் பெரிய எதிரி ஊர்ப்பேச்சு. இது மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்று யாரோ சொல்ல, "எனக்கென்ன விசரே?" என்று அட்டையைத் தூக்கிப் போட்டவர்கள் பலர். நரம்பு வலிக்கு எழுதும் அளவு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகவும் குறைவு என்பதை எழுதிக் கொடுப்பவரே ஒரு வசனத்தில் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை தீரும். ஆனால் புரோஸ்டேட் வீங்கிய ஐயாமாருக்கு இது சலத்தை அடைத்துவிடும். இரவில் வெளிக் கழிப்பறைக்கு எழும்பிப் போகும் முதியவர் தடுமாறி விழவும் கூடும்.

பிரிகாபலினும் கபபென்டினும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வழமையான அளவைக் கொடுத்தால் மருந்து உடம்பில் தேங்கி, அரைத் தூக்கமும் தள்ளாட்டமும் வரும். இவற்றைத் தொடங்குமுன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்தாயிற்றா என்று கேட்பது நோயாளியின் உரிமை. வன்னியில் அது கட்டாயம் என்றே நினைக்கிறேன். அளவைக் குறைத்தால் அவர்களும் பாவிக்கலாம். கால் வீங்குவது, நிறை கூடுவது இன்னும் இரண்டு தொல்லை. பிரிகாபலினை இளம் பொடியள் போதைக்கு விழுங்கத் தொடங்கியதால், வைத்தியர் எழுதிய துண்டோடு போகிற வயதான அம்மாவையும் சில பாமசிகளில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டுபோனால் பேச்சு மிச்சம்.

டுலொக்செட்டின் நாளுக்கு ஒன்று, தூக்கக் கலக்கம் குறைவு. லொறி ஓட்டுபவர், உழவு இயந்திரம் ஓட்டுபவருக்கு என் தெரிவு இதுதான். ஈரல் கெட்டவருக்கும் சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கும் ஆகாது. பிரஷர் கூடலாம், அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எதை எடுத்தாலும் சரியான அளவில் ஒரு மாதமாவது பார்க்கவேண்டும். மூன்றாம் நாளே "கேக்கேல்லை" என்று விடுவதும், கேட்டபின் திடீரென்று நிறுத்துவதும் இரண்டும் பிழை.

எண்ணெய்க்கு வருவோம். இரவில் பாதத்தை மெதுவாகத் தடவிவிடுவது இதம்தான், வறண்ட தோலும் வெடிக்காது. விரலிடுக்கில் மட்டும் பூசவேண்டாம், ஈரம் தேங்கிப் புண்ணாகும். சித்தாலேப போன்ற களிம்பின் குளிர்ச்சி நித்திரை வரும்வரை கைகொடுக்கும். இவற்றோடு எனக்குச் சண்டையில்லை. சண்டை ஒத்தணத்தோடு. நொச்சி இலை வதக்கிக் கட்டும் ஒத்தணமும் சுடுநீரும் சுளுக்குக்கு நல்லவை. விறைத்த பாதத்துக்கு வேண்டவே வேண்டாம். சூடு தெரியாமல் கொப்பளித்த கால்தான் பிறகு விரல் எடுக்கும் அளவுக்குப் போகிறது. என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத பஸ்பம், சூரணம் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். ஈயமும் ஆர்செனிக்கும் நரம்பைக் கெடுக்கும் நஞ்சுகள்.

சீனியைக் கட்டுப்படுத்துவது எரிவை உடனே குறைக்காது, சேதம் கூடுவதைத்தான் தடுக்கும். மிக உயர்ந்திருந்த சீனி இன்சுலினால் சடாரென்று இறங்கினால் சில வாரத்தில் எரிவு புதிதாக வரவும் கூடும். அதற்காக இன்சுலினை விடக்கூடாது, கிளினிக்கில் சொல்லவேண்டும். செருப்பும் வலி மருந்து அல்ல, ஆனால் காலைக் காப்பது அதுதான். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வைகாசி வெயிலில் வெறுங்காலோடு நடக்கும் நேர்த்தி உள்ளவர்கள், விறைப்பு இருந்தால் வேறு நேர்த்தி வைக்கலாம். அம்மன் கோவிக்கமாட்டா.

ஒரே காலில், அதுவும் ஷெல் துண்டு பட்ட இடத்தைச் சுற்றி வரும் எரிவு இதிலிருந்து வேறு. அங்கே அடிபட்டது ஒரு குறிப்பிட்ட நரம்பு. மேலே சொன்ன குளிசைகள் அதற்கும் உதவும். வலி சிறிய இடத்தில் மட்டும் என்றால் விறைக்கச் செய்யும் லிடோகெயின் பிளாஸ்டர், மிளகாயின் உறைப்பிலிருந்து எடுக்கும் கப்சைசின் களிம்பு இரண்டையும் பற்றிக் கிளினிக்கில் கேட்கலாம். கப்சைசின் முதல் நாட்களில் எரியும், பூசிய கையைக் கண்ணில் வைக்கக்கூடாது, புண் உள்ள தோலில் பூசவே கூடாது. சலரோகக்காரரின் ஒரு பாதம் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகச் சிவந்தால், நோவே இல்லாவிட்டாலும், இந்த ஒப்பீடெல்லாம் பிறகு. கிளினிக் நாள் வரும்வரை இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.