ஏலத் தோட்டமா, நூல் மில்லா? போடிப் பெண்களுக்கு எது தோது

போடியில் வேலை தேடும் பெண்களுக்கு முன்னால் முக்கியமாக இரண்டு வழி. விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக இடுக்கிப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகலாம். இல்லை, தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் நூல் மில்லுக்குப் போகலாம். நான் இரண்டும் பார்த்து மில்லில் நிலைத்தவள். அதனால் என் பேச்சு மில் பக்கம்தான் சாயும்.

நாள் கூலியில் மலைதான் மேல், அதில் வாதமே இல்லை. காய் எடுப்புக் காலத்தில் சில தோட்டங்களில் கூடுதல் எடைக்குத் தனிக் காசும் உண்டு. அங்கே மழையும் அட்டையும் பூச்சிமருந்து நெடியும். இங்கே பஞ்சுத் தூசியும் மிஷின் சத்தமும் நைட் ஷிப்டும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நான் பார்த்தது ஒன்றே ஒன்று: உடம்புக்கு முடியாத மாதத்தில் என்ன ஆகும்? தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வரும் தினக்கூலிக்கு, போகாத நாளுக்குக் காசு கிடையாது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, வைத்தியம் எல்லாம் சொன்னது. ஆனால் நான் பார்த்தவரை அது தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தங்கியிருப்பவர்களுக்குத்தான் கைக்கு வந்தது.

மில்லில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் அதில் வருவார்கள். நம்மிடம் பிடிப்பது 0.75 சதவீதம், முதலாளி கட்டுவது 3.25 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நமக்குப் போவது 90 ரூபாய்தான். அதற்கு, போதிய நாள் சந்தா கட்டியிருந்தால், நோய்க்காக எடுக்கும் விடுப்புக்கு வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் வரை முழுச் சம்பளம். 2010 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம், வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தும் வேலை விபத்தாகவே கணக்கு. மலைப்பாதை ஜீப்பில் நெருக்கியடித்துப் போய் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மன நிறைவு என்று கேட்டால் என் மதினி சொல்வது சரி: மலைக்காற்றும், செடிக்கடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே காய் எடுப்பதும் மில்லில் வராது. ஸ்பின்னிங்கில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே நடக்கிறோம், பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூடக் காதில் விழாது. ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இலேயே, சம்பளமும் பாதுகாப்பும் குறையைத்தான் போக்கும், நிறைவு வேலையிலிருந்தே வரவேண்டும் என்றார். இருக்கலாம். ஆனால் கையிருப்பு இல்லாத வீட்டில் அந்தக் குறை போவதே பெரிய நிம்மதி. காய்ச்சல் வந்தால் கந்துவட்டிக்கு ஓட வேண்டாம் என்ற தைரியத்தை எனக்கு மலை தரவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பெயர் பதியாமல் வேலை வாங்கும் மில்களும் உண்டு. அங்கே நான் சொன்னது எதுவும் பொருந்தாது. முதல் மாதமே இஎஸ்ஐ எண்ணையும் பிஎஃப் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். பெரிய சிகிச்சை என்றால் மதுரை இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வரை அலைய நேரலாம், அதுவும் ஒரு பாடுதான். விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்களின் நிலை எனக்கு நேரடியாகப் பழக்கமில்லை. நான் தினமும் வீட்டுக்கு வந்துவிடுகிறவள், அவர்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.