ஏழு ‘டிக்’: ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இசைத்தட்டுடன் ஆறு ஆண்டுகள்

சென்ற வாரம் ரெக்கார்ட் பிளேயருக்குப் புது ஊசி போட்டேன். என்னிடமுள்ள, அமெரிக்கப் பாடகர் மார்வின் கேயின் இந்த இசைத்தட்டில், முதல் பாடல் முடியும் இடத்தில் ‘டிக்’ என்று ஏழு முறை கேட்கும் சத்தத்துக்குத் தேய்ந்த ஊசிதான் காரணம் என்று இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தேன். புது ஊசியில் அது முன்னைவிடத் துல்லியமாகக் கேட்கிறது. பழுது தட்டில்தான் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் புத்தம் புதிதாக வாங்கிய மறுபதிப்பு என்பதால் எரிச்சல் இரட்டிப்பாகிறது.

வேறு தட்டாக இருந்தால் இரண்டு பாடல்களுக்கு நடுவே விழும் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் விட்டிருப்பேன். இதில் அந்த நடுவெளியே கிடையாது. பெரும்பகுதி 1971 மார்ச்சில் டெட்ராய்ட்டின் ஹிட்ஸ்வில் ஒலிக்கூடத்தில் பதிவான இந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில், டேவிட் வான் டி பிட்டின் இசைக்கோவையில், ஆறு பாடல்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடுகின்றன. இரண்டாவது பாடல் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவனின் குரல். மார்வினின் தம்பி ஃப்ராங்கி அங்கிருந்து திரும்பியவர். அந்தக் குரல் வீட்டு வாசலில் கால்வைக்கும் நேரம் பார்த்துத்தான், ஏறத்தாழ 11 நொடிக்கு, என் தட்டு சொடுக்குப் போடுகிறது.

புது ஊசி செய்த உபகாரத்தையும் சொல்லியாக வேண்டும். முதல் பாடலில் இரண்டு மார்வின்கள் பாடுவது இப்போது தனித்தனியாகக் கேட்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டு முறை பாடிப் பதிந்ததை ஒலிப்பதிவாளர் தவறுதலாக ஒருசேர ஓடவிட, மார்வின் அதையே வைத்துக்கொண்டார். தொடக்கத்தில் வரும் சாக்ஸபோனும் ஈலை ஃபான்டெய்ன் விளையாட்டாக ஊதிப் பார்த்ததுதான். பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் குடிபோதையில் தரையில் படுத்தபடியே வாசித்தார் என்பார்கள். அந்தத் தந்திகளின் உருளலைக் கேட்டால் படுத்திருந்தவர் வாசித்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். தற்செயல்களையெல்லாம் சேர்த்துக்கொண்ட ஆல்பத்தில் என் ‘டிக்’கையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அவை தேர்ந்தெடுக்கப்பட்டவை, இது என் தலையில் விழுந்தது.

இதன் வரலாறு பலரும் அறிந்ததே. முதல் பாடலை வெளியிட, மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய பெர்ரி கோர்டி மறுத்தார். அது வெளிவரும்வரை வேறெதையும் பதிய மாட்டேன் என்று மார்வின் உட்கார்ந்துவிட்டார். ஆல்பத்துக்கு முன்பே, 1971 ஜனவரியில் அந்தப் பாடல் தனியாக வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் இரண்டாமிடம் வரை ஏறியது. 2020-இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் தன் 500 சிறந்த ஆல்பங்களின் வரிசையில் இந்த ஆல்பத்துக்கு முதலிடம் தந்தது. அதில் எனக்கு மறுப்பில்லை.

இந்த மறுபதிப்பின் விலை குறைந்திருப்பதைப் பார்த்த நண்பர், வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்படியானால் உங்களுடையதைக் கொடுங்கள் என்றார், அதற்கும் மறுத்துவிட்டேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாடல் முதல் பாடலுக்கே திரும்பிப்போய் முடிகிறது. அதைக் கேட்டபின் தட்டைத் திருப்பாமல் இருக்க முடிவதில்லை. திருப்பினால், நான்கு நிமிடத்துக்குள் அந்த ஏழு ‘டிக்’.